சிவப்பு டேப்புக்கு அந்தப் பக்கம்

வளைகுடாவில் வளர்ந்த நாம் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமைக் காலையில் வெறிச்சென்று கிடந்த தெரு, ஊருக்குப் பேசுவதற்காகச் சுரண்டிய டெலிபோன் கார்டு, லீவுக்குப் போகும்போது அட்டைப் பெட்டியில் கயிறு கட்டிய அப்பாக்கள். காதோரம் நரைத்த பிறகும் அதே கதைகள்தான். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அல் ஐனில் எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது ஒரு ஏப்ரல் மாதத்தில் நடந்ததை உங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். 

அப்பா ஏசி மெக்கானிக். ஒரு பழைய அரபி வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, சிமெண்ட் முற்றம். முற்றத்தின் கோடியில், வீட்டுச் சொந்தக்காரரின் உடைந்த நாற்காலிகளும் சுருட்டிய கம்பளங்களும் கிடந்த ஸ்டோர் ரூம் ஒன்று இருந்தது. அதன் சாவி அம்மாவிடம் இருக்கும்.

அந்த வருஷம் அப்பா ஒரு சின்ன ஜெபக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். மொத்தம் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கு ஒரு மூப்பர். ஏதோ அலுவலகத்தில் இஞ்சினியர், எப்போதும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. திருநெல்வேலிப் பக்கத்தில் நாங்கள் போய்வந்த சபையில் பஸ்கா என்பது வேதத்தில் வாசிக்கிற ஒரு சொல், அவ்வளவுதான். இவர்களோ அதை எழுத்துப் பிசகாமல் ஆசரித்தார்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்கள் புறப்பட்ட அன்று மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் ஓடினார்களாம். ஆகவே ஏழு நாள் வீட்டில் புளித்தது எதுவும் இருக்கக் கூடாது, ஒரு துணுக்குகூட.

அப்பா போனில் மூப்பரிடம் சந்தேகம் கேட்டது நினைவிருக்கிறது.

"பிரதர், இட்லி மாவு எதுல சேரும்?"

மறுமுனையில் ஏதோ கேள்வி.

"ஆமா, பொங்கும். ராத்திரி வச்சா காலையில மூடியத் தள்ளிரும்." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். "பொங்குனா அது புளிப்புதானாம்."

"ஏழு நாளும் இட்லி தோசை கெடையாதா?" என்றாள் அம்மா. "எகிப்துல உளுந்து வெளைஞ்சுச்சாமா?"

அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் வேலையிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் கொண்டுவந்தார். சமையலறைத் தரையில் வாசற்படியிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் நேராக ஒட்டினார். மேடையின் மேலும் ஏற்றினார். இரண்டு அடுப்புகளுக்கு நடுவில் கோடு போய் நின்றது. வலது பக்கம் சுத்தம். அலமாரிகளைச் சோடா உப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, தட்டுகளில் அலுமினியத் தாள் விரித்து, அந்தப் பக்கத்து அடுப்பையும் பளபளவென்று சுற்றிவிட்டோம். இடது பக்கம் மிச்சமிருக்கும் புளிப்பு: மாவு வாளி, ரஸ்க் டின், பிஸ்கட், குபூஸ் ரொட்டி. பண்டிகை தொடங்கும் சாயங்காலத்துக்குள் இடது பக்கத்தில் இருப்பதையெல்லாம் தின்று தீர்க்க வேண்டும். தின்றுகொண்டே வலது பக்கத்தைக் காக்கவும் வேண்டும்.

அந்த ஒரு வாரம் வேறெந்த வாரத்தைப் போலவும் இல்லை. காலையில் தோசை, பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி, சாயங்காலம் ஊத்தப்பம், அப்புறம் டீயில் முக்கிய ரஸ்க். எல்லாமே இடது பக்கத்தில் நின்றுகொண்டே. தின்று முடித்ததும் முற்றத்துக்குப் போய்ப் பாவாடையை உதறி, வாய் கொப்பளித்து, கை கழுவிவிட்டுத்தான் கோட்டைத் தாண்டலாம். புளித்த மாவின் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து வீடே ஒரு மாதிரி மணத்தது. அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் ப்ளோயரால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஊதினார். எந்தக் காலத்துப் பிஸ்கட் தூளோ பறந்து வந்து என் கண்ணில் விழுந்தது.

குபூஸ் மட்டும் தினமும் புதிதாக வந்தது. அம்மா சாயங்காலம் குப்பை கொட்டப் போகும்போது முக்குக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவருவாள். மறுநாள் அது இருக்காது. அப்பாவுக்குச் சந்தோஷம். "பரவால்லயே, நல்லா காலி பண்ணுதியளே" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்த்தாள். காலி பண்ண வேண்டிய நாட்களில் ஏன் புதிதாக வாங்குகிறாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் மூப்பர் வீடு வீடாக வந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு போட்டியும் இருந்தது. டார்ச்சும் பழைய பெயிண்ட் பிரஷும் வைத்துக்கொண்டு வீட்டைத் துழாவ வேண்டும். மறைந்து கிடக்கும் புளிப்பை அதிகமாகக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஜிப் வைத்த வேதாகமம். கறுப்புத் தோல், தங்க நிற ஜிப். எனக்கு அது வேண்டும். கட்டிலுக்கடியில், டிவிப் பெட்டிக்குப் பின்னால், அப்பாவின் ஷூவுக்குள் எல்லாம் பார்த்தேன். ஒரே ஒரு காய்ந்த ரொட்டித் துண்டுதான் அகப்பட்டது.

அப்புறம் முற்றத்துக்குப் போனேன். சிமெண்ட் தரையில் சாரியாக எறும்புகள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஏதோ ஒரு துணுக்கு. குனிந்து டார்ச் அடித்தேன், பட்டப்பகலில் டார்ச். குபூஸ் துணுக்குகள். எறும்புகள் வந்த வழியே போனேன். அந்த வரிசை ஸ்டோர் ரூம் கதவுக்கடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நான் அப்போதே அம்மாவிடம் போயிருக்கலாம். போகவில்லை. எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மூப்பர் வந்தார். சமையலறையைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்லா ஆயத்தம் பண்ணியிருக்கீங்க பிரதர்" என்றார். இடது பக்கத்தில் வாளியின் அடியில் இரண்டு கரண்டி மாவு மட்டும் இருந்தது. "அதையும் இப்பக் கொட்டிருவோம்" என்றார் அப்பா. மூப்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, உன் கண்ணுக்கு ஏதாச்சும் தப்பிச்சிருக்கா?"

நான் சொன்னேன்: "ஸ்டோர் ரூமுக்குள்ள குபூஸ் இருக்கு அங்கிள், எறும்பு தூக்கிட்டு வருது."

அம்மாவின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு விழுந்தது. அது தரையில் சுழன்று சுழன்று அடங்கியது.

"அங்க என்ன குபூஸு?" என்று அப்பா முற்றத்துக்கு நடந்தார். அம்மா ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். அம்மா ஓடி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வேண்டாங்க. தொறக்காதீங்க."

"ஏன்? உள்ள என்ன இருக்கு?"

"நாளைக்குச் சொல்லுதேன். மூப்பர் போவட்டும்."

அப்பா அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். மனைவியின் கையை முறுக்கி ஒரு பொருளை வாங்கியதும் அன்றைக்குத்தான் முதலும் கடைசியும். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. சுருட்டிய கம்பளங்களுக்கு நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அரைக் குபூஸ். வெளிச்சம் பட்டதும் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு சுருண்டாள். அடி விழுவதற்கு முன்னாலேயே அடி வாங்குகிறவள் போல. அவளுடைய இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. கூர் முனை மணிக்கட்டில், அகலப் பக்கம் முழங்கையில்.

 பெயிண்ட் பிரஷைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அம்மா சொல்லச் சொல்லத்தான் விஷயம் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரி. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஒன்பது நாளைக்கு முன் அம்மா குப்பைத் தொட்டியருகே நின்றபோது, தொட்டிக்குப் பின்னாலிருந்து "அக்கா, தமிழா?" என்று குரல் கேட்டிருக்கிறது. அம்மா அவளைத் தன் துப்பட்டாவால் மூடிக் கூட்டிவந்துவிட்டாள். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லப் பயம்.

மூப்பரின் முகம் வெளுத்துவிட்டது. "பிரதர், இது என்னன்னு தெரியுதா? விசா குடுத்த கஃபீல்கிட்டேர்ந்து ஓடிவந்த ஆளை வச்சிருந்தா ஜெயில். அப்புறம் விசா கேன்சல். உங்க பிள்ளையோட படிப்பு?" நெற்றியைத் துடைத்தார். "வேதத்துலயே, ஓடிவந்த அடிமையைப் பவுல் திரும்ப எஜமான்கிட்டதானே அனுப்பினார்? சமாதானமாப் பேசி விட்டுட்டு வந்துருங்க."

"அண்ணே," என்றாள் அந்த அக்கா. அப்போதுதான் அவள் குரலைக் கேட்டேன். சின்னப் பிள்ளையின் குரல். "ஏசுங்க, அடிங்க. அங்க மட்டும் கூட்டிட்டுப் போவாதீங்க அண்ணே. எனக்கு இந்தப் பக்கத்துக் காது கேக்கிறதில்லை இப்ப."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எந்த வீடு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். பச்சைக் கேட், வாசலில் இரண்டு பேரீச்சை. அப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை உறையவைக்கிறது. அவர் முகம் அப்போது தெளிந்தது.

"அந்த வீடா? எனக்குத் தெரியுமே. நாந்தான் அங்க ஏசி பாக்கேன். அவரு நல்ல மனுஷன், போனா டீ குடுக்காம விடமாட்டாரு. பொம்பளையாளுதான் கோவக்காரியா இருக்கும். நான் அவர்கிட்டப் பேசுதேன். அவரு கண்டிச்சு வைப்பாரு."

"இலங்கைத் தூதரகத்துல கொண்டு விடுங்க," என்றாள் அம்மா.

"அபுதாபிக்கா? வழியில போலீஸ் நிறுத்துனா? இவ பேப்பர் ஏதும் இல்ல."

"எகிப்துலேர்ந்து அடிமைங்க ஓடிவந்ததுக்குத்தானே இந்தப் பண்டிகை?" அம்மாவின் குரல் உயரவில்லை. "மாவு புளிக்க நேரமில்லாம ஓடுனாங்கன்னு நீங்கதானே வாசிச்சுக் காட்டுனீங்க? அவங்களையும் திருப்பிக் கொண்டு விட்டிருக்கணுமோ?"

 அப்பா வேன் சாவியை எடுத்துவிட்டார்.

அம்மா சமையலறைக்குப் போனாள். இடது பக்கத்திலிருந்து மாவு வாளியை எடுத்தாள். சிவப்பு டேப்பை மிதித்து வலது பக்கம் வந்தாள். அலுமினியத் தாள் சுற்றிய அடுப்பில் கல்லைப் போட்டு, மிச்சமிருந்த மாவைச் சுரண்டி ஊற்றினாள். மாவு ஒழுகிப் பளபளத்த தாளில் விழுந்து கருகியது. மூப்பர் "சிஸ்டர்..." என்றார். அம்மா திரும்பவில்லை. இரண்டு தோசை வந்தது. அக்காவை வலது பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்து, சர்க்கரை தூவிக் கொடுத்தாள். "வேணாம் அக்கா" என்று அவள் அழுதாள். "சாப்பிடு" என்றாள் அம்மா. அவள் சாப்பிட்டாள்.

மூப்பர் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "பிரதர், நான் இன்னைக்கு உங்க வீட்டுக்கு வரலை. யார் கேட்டாலும் வரலை."

அப்பாவின் கம்பெனி வேனில் பின்பக்கத்துக்கு ஜன்னல் கிடையாது. கேஸ் சிலிண்டர், பைப், டூல் பெட்டி, அவற்றுக்கிடையில் தரையில்தான் உட்கார வேண்டும். முன்னால் டிரைவர் சீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் கம்பி வலை. "அவ போனா நானும் வருவேன்" என்று அம்மா ஏறிவிட்டாள். என்னைத் தனியாக விட முடியாது என்று நானும் ஏற்றப்பட்டேன். அம்மா வலையோடு ஒட்டி உட்கார்ந்தாள். நான் அக்காவின் பக்கத்தில்.

இரண்டு தெருதான். சைக்கிளில் போகிற தூரம். வேன் நின்றதும் அப்பா எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். கேட் மணி அடித்தது. யாரோ வந்தார்கள். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஓர் ஆணின் குரல். நிதானமான, தடித்த, சிரிப்புள்ள குரல்.

அந்தக் குரல் கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கின. இன்னொரு கையை அவள் தன் வாய்க்குள் திணித்துக் கடித்தாள். "பாபா" என்று மூச்சுக்குள் சொன்னாள். வீட்டு எஜமானை அங்கே வேலைக்காரப் பெண்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும். என் பாவாடை நனைந்தது. முதலில் சிலிண்டர் எதுவோ ஒழுகுகிறது என்று நினைத்தேன். சூடாக இருந்தது. குனிந்து பார்த்தேன். அவளுக்குக் கீழேயிருந்து தரை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. இருபது வயதுக்கு மேலான ஒரு பெண். பெரியவர்களுக்கும் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது வெட்கம். நான் காட்டிக்கொடுத்தவள், என்னைப் பார்த்து அவள் வெட்கப்பட்டாள்.

எஞ்சின் சத்தத்தில் வெளியே பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது. அப்பா ஏதோ தொடங்கினார். அந்த மனிதர் ஏதோ சொன்னார். "ஸ்ரீலங்கா", "சஃபர்", "கலாஸ்" என்ற சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. ஊருக்குப் போயாச்சு, முடிந்தது. பிறகு சிரிப்பு. பிறகு கேட் மூடும் சத்தம்.

அப்பா வந்து ஏறினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்தின் பின்புறம் வியர்வை ஓடியது.

"இவளத் தானே ஃபிளைட் ஏத்தி ஊருக்கு அனுப்பி வச்சிட்டதாச் சொல்லுதாரு," என்றார். "அக்கா கல்யாணத்துக்காம். போயிப் பத்து நாளாச்சாம்."

"என் பாஸ்போட்டு அவர் மேசை டிராயர்ல கிடக்குது அண்ணே," என்றாள் அக்கா. "எனக்கு அக்காவே கிடையாது."

எனக்கு அப்போது புரியவில்லை. அம்மாவுக்கு உடனே புரிந்தது. "ஊருக்குப் போயிட்டான்னு சொல்லி வச்சிருக்கான். இனி இவ உள்ள போனா, உள்ள ஒருத்தி இருக்கான்னே யாருக்கும் தெரியாது" என்றாள்.

அப்பா கியரை மாற்றினார். வலது பக்கம் திரும்பினால் எங்கள் வீடு. அவர் இடது பக்கம் திரும்பி, ரவுண்டானாவைச் சுற்றி, அபுதாபி ரோட்டில் ஏற்றினார்.

நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். பின்னால் எங்களுக்குக் காற்று கிடையாது. ஒரு முறை பக்கத்தில் சைரன் கேட்டு, நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கினோம். அது தாண்டிப் போய்விட்டது.  வழியில் அப்பா ஜெபம்கூடப் பண்ணவில்லை. தூதரகத்து வாசலில் நின்றபோது வானம் சிவந்திருந்தது. அன்று விடுமுறை, காவலாளி முதலில் முடியாது என்றான். அப்பா அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கி அந்தத் தழும்பைக் காட்டினார். அவன் உள்ளே போய் ஒரு பெண் அதிகாரியைக் கூட்டிவந்தான். அந்த அம்மாள் தழும்பைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க பிள்ளை" என்றார். அவ்வளவுதான். கதவு மூடியது. நானும் அப்பாவும் அவள் பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்டுவைக்கவில்லை. பண்டிகை தொடங்கிவிட்டிருந்தது. வேனில் மூத்திர நாற்றம் வந்தது.

அதற்கப்புறம் கூட்டத்திலிருந்து யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. அப்பாவும் போகவில்லை. தரையில் ஒட்டிய டேப்பை அவர் ஸ்பேனரால் சுரண்டி எடுத்தார், பசை போகவில்லை. நாலைந்து மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு போன் வந்தது. அவள்தான், ஸ்டோர் ரூமில் இருந்தபோது அம்மா எழுதிக் கொடுத்திருந்த நம்பரை வைத்து. ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். திரும்பவும் கொழுந்து பறிக்கப் போகிறாளாம். காது சரியாகவில்லை. "பிள்ளையைக் கேட்டதாச் சொல்லுங்க அக்கா" என்றாளாம். அம்மா ரிசீவரை நீட்டினாள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

இத்தனை வருஷமும் நான் என்னைத் தேற்றிக்கொண்டது ஒன்றை வைத்துத்தான். நான் காட்டிக்கொடுத்தேன், ஆனால் அப்பா அந்தக் கேட்டின் முன்னால் மனம் மாறினார், அவளைக் காப்பாற்றினார். என் பிள்ளைகளுக்குக்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பேரப்பிள்ளைகள் முன்னால் தாத்தாவைப் பற்றிப் பெருமையாக அந்தக் கதையை ஆரம்பித்தேன். அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். பிள்ளைகளை வெளியே விளையாடப் போகச் சொன்னார்.

"அப்படிச் சொல்லாதட்டி," என்றார். "நான் மனசு மாறல. 'பாபா, உங்க வீட்டுப் பிள்ளை என் வேன்ல'ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். 'உங்க வீட்டுப் பிள்ளை'ன்னு சொல்லியும் முடிச்சிட்டேன். வேன்லன்னு சொல்றதுக்குள்ள, 'அவளா, ஊருக்குப் போயிட்டா'ன்னு அவரு முந்திக்கிட்டாரு. அவரு மட்டும் ஒரு மூச்சு பொறுத்திருந்தா நான் சொல்லியிருப்பேன். கதவத் தொறந்து விட்டிருப்பேன். டீ குடிச்சிட்டு வந்திருப்பேன்."

 அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் தாடையில் இறங்கியது. "ஒரு வார்த்தைட்டி," என்றார். "ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி."

அம்மா பக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள்.

அப்பா திரும்பினார். "என்ன தெரியும்?"

"வலைகிட்டத்தானே உக்காந்திருந்தேன். நீங்க சொன்ன அரை வார்த்தை எனக்குக் கேட்டுச்சு." ஒரு தட்டை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். "உங்க பைப் ரெஞ்சு ஒண்ணு கெடந்துச்சு, பெருசு. அத எடுத்து மடியில வச்சிருந்தேன். கதவு தொறந்திருந்தா மொத அடி உங்களுக்குத்தான். அந்த ஆளுக்கு ரெண்டாவது."

அவள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் போன வாசலையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.